எழுத்து மூலமான விளக்கம்

மதிப்பிற்குரிய ஹெர் ஊபன்,

பதினேழாம் தேதி காலை
நெஸ்மெர்ஸீல் துறையில் சீட்டு விற்ற பெண்
கெட்ட ‘லௌனெ’யில் இருந்தாள் என்று
டோர்ட்முண்ட் பயணி ஒருவர் எழுதியிருக்கிறார்.
விளக்கம் கேட்டிருக்கிறீர்கள்.
அந்தப் பெண் நான்தான்.

கூண்டுக்குள் கணப்பு வேலை செய்யவில்லை.
அது வேறு புகார்,
போன மாதமே கொடுத்தாயிற்று.

லௌனெயை நூலகத்தில் தேடிப் பார்த்தேன்.
தடித்த அகராதி; அந்தப் பக்கத்தில் யாரோ
கோப்பையை வைத்த வட்டக் கறை.
அது நம் ஊர்ச் சொல்லே இல்லை, ஐயா.
லத்தீன் நிலா. லூனா.
எழுநூறு எண்ணூறு ஆண்டுக்கு முன்
வானம் பார்த்துக் கணித்தவர்கள்
மேலே மதி தேய்ந்தால்
மண்டைக்குள் மதி தேயும் என்று நம்பினார்கள்.
முதலில் அதற்குப் பிறை என்று பொருள்.
பிறகு பிறையின் புரட்டு,
அதிர்ஷ்டத்தின் புரட்டு,
கடைசியில் சீட்டு விற்கும் பெண்ணின் முகம்.
சொல்லிலிருந்து நிலா எப்போது கழன்று விழுந்தது?
பாற்பல் மாதிரி;
யாரும் தேதி குறித்து வைக்கவில்லை.

நம் கால அட்டவணையைப் பாருங்கள்.
திங்கள் ஏழரை, செவ்வாய் எட்டு இருபது,
புதன் ஒன்பது பத்து.
ஏற்றம் வந்தால்தான் படகு.
வற்றினால் சேறு, சேற்றைக் கொத்தும் பறவைகள்,
சக்கரப் பெட்டியோடு நிற்கும் டோர்ட்முண்ட்.
இருபத்தாறு ஆண்டுகளில்
கம்பெனி நிலாவிடம்
எழுத்து மூலம் எதையும் கேட்டதாக நினைவில்லை.

அவரிடம் நான் சொன்னது இரண்டே சொல்:
தண்ணீர் இல்லை.
அப்போது இல்லைதான்.

இவ்வளவும் உண்மை. பதில் இது இல்லை.
பதினாறாம் தேதி இரவு கெர்யெட் போய்விட்டான்.
வண்டிச் சத்தம் கடலணையைத் தாண்டும்வரை
வாசலில் நின்றேன்.
வானத்தில் நிலா இல்லை; இருந்திருந்தால்
அதன் மேல் போட்டிருப்பேன்.
காலையில் தேநீருக்குத் தேடினால்
கற்கண்டு டப்பாவும் இல்லை.
ஒன்பது வருடம்;
அவனுக்குத் தேநீரில் இனிப்பே பிடிக்காது.

படிவத்தில் ‘காரணம்’ என்ற கட்டம்
இரண்டு விரல் அகலம்.
‘நிலா’ என்று எழுதியிருக்கிறேன்.
மேலிடம் ஒப்புக்கொள்ளாவிட்டால்
அடித்துவிட்டுக் ‘கணப்பு’ என்று போட்டுக்கொள்ளுங்கள்.

நாளைப் படகு பத்து ஐம்பதுக்கு.

இப்படிக்கு,
ஓக்கா த்யாடன்
கூண்டு எண் இரண்டு