நூற்று அறுபத்தைந்து வோல்ட்

பின்பலகையைக் கழற்றியதும் முதலில் விழுந்தது
நாலைந்து காய்ந்த உளுந்து.
பிறகுதான் தூசி.

பெங்களூர்க்காரர் டார்ச் அடித்தார்.
பல் டாக்டர் வைத்திருப்பாரே, அந்த மாதிரிக் கண்ணாடி வேறு.
"ஒரிஜினல்தானே மேடம்?"
"பெட்டி ஒரிஜினல்" என்றேன்.

பினாங்கில் ஏதோ ஒரு சந்தில்
நாற்பது ஆம்ப்ளிபயர் செய்துவிட்டு
இழுத்து மூடிய கம்பெனி. பெயர் செலாத்தான்.
மலாயில் தெற்கு என்று அர்த்தமாம்.
இது முப்பத்தோராவது;
பென்சில் எண் இன்னும் அழியவில்லை.

அறுபத்திரண்டில் நாகப்பட்டினத்தில் இறங்கியபோது
சுங்கக்காரர் எழுதிய ரசீது
சேசிஸுக்கு அடியில் மடித்துக் கிடந்தது:
ரேடியோ, பேசாதது, ஒன்று.
கொண்டுவந்தவர் நாகூர் செய்யது மீரான்.
அங்கே ஹோட்டலில் கித்தார் வாசித்ததைப்
பெண் கொடுத்த வீட்டில் கடைசிவரை சொல்லவில்லை.
விற்றது மன்னார்குடி தார்சீஸுக்கு,
பாதி பணம், பாதி நெல்.

எழுபத்தேழில் வேளாங்கண்ணிப் பக்கம் கல்யாணக் கச்சேரிக்குப் போய்
புயலில் மாட்டிக்கொண்டது.
இரண்டு நாள் கடல்தண்ணீர்.
டிரான்ஸ்பார்மர் போய்விட்டது.
சுற்றிக் கொடுத்தது நான்.
மாமனாரின் மோட்டார் வைண்டிங் கடைக்குக்
கணக்கு எழுத வந்தவள், அப்போது வயது பத்தொன்பது.
பம்புசெட்டுக்கு வைத்திருந்த செம்புக் கம்பி.
ஆயிரத்து நூற்றுச் சொச்சத்தில்
மாடு ஒன்று கடைக்குள் நுழைய,
எண்ணிக்கை தவறியது.
இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பெங்களூர்க்காரர் எதையோ குறித்துக்கொண்டார்.
அவருக்கு வேண்டியது ஒரு கேசட்டில் இருக்கும் சத்தம்.
எண்பத்து மூன்று, நீடாமங்கலம் பக்கம் ஒரு காளி கோயில்,
வெண்ணாறு மெல்லிசைக் குழு,
தார்சீஸ் லீட்.
சுரம் கிளம்பும்போது சுத்தமாகக் கிளம்பி
போகப் போக ஓரம் முறுகுகிறது,
அடை மாதிரி.
உலகத்தில் வேறு எந்த ஆம்ப்ளிபயரும்
இப்படிப் பேசுவதில்லை என்று
கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

தார்சீஸ் மகள் ரெஜினாவிடம் நாலரை லட்சம் கொடுத்தார்.
அவள் மளிகைக் கடையில்
உளுந்து மூட்டைக்கு வேறு முக்காலி தேட வேண்டியதாயிற்று.

பத்தாம் நாள் போன்.
"மேடம், அந்த சவுண்ட் வரவே இல்லை."
"எப்படி இருக்கிறது?"
"சுத்தமாக இருக்கிறது."
அழுதுவிடுவார் போலிருந்தது.

உங்கள் ஊர் கரண்ட் நல்ல கரண்ட், என்றேன்.
அது ஆடி மாதம், ராத்திரி எட்டரை.
குறுவைக்குத் தண்ணீர் பற்றாமல்
சுற்றுவட்டாரம் முழுக்க மோட்டார் ஓடும்.
கோயிலில் சீரியல் லைட் வேறு.
டியூப்லைட் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் படுத்துவிடும்.
வால்வுக்கு அரை வயிறு.
பசியில்தான் அது அப்படிப் பேசியது.
நீங்கள் வாங்கிப் போனது பாதி;
மீதியை ரெஜினா எப்படி விற்பாள்,
அது முன்னூறு பம்புசெட்.

வோல்டேஜைக் குறைக்கிற பெட்டி ஒன்று வாங்கச் சொன்னேன்.
அடுத்த ஞாயிறு மறுபடி போன்.
"எவ்வளவு வைக்க?"
நூற்று அறுபத்தைந்து.

குமிழ் திரும்பும் சத்தம்.
பிறகு ஒரே ஒரு கார்டு,
ஓரம் முறுகி,
கருகுவதற்கு ஒரு நிமிடம் முன்னால்.
"இதுதான்! இதுதான்!" என்று கத்தினார்.

பொறுங்கள், இன்னும் இரண்டு குறையுங்கள், என்றேன்.
கோட்டூர்க்காரர்
இன்னும் மோட்டார் போடவில்லை.