இரண்டாவது பிரேக்

காகிதத் தேர்வில் குறையொன்றும் இல்லை.
பதினொன்று பத்து காட்டும் கடிகாரம் வரையச் சொன்னேன்.
வட்டம் பிசகவில்லை, முள்ளும்.
“கோடையோ குளிரோ
மணியைத் திருப்பி வைக்காத மாகாணம் எங்களது.
எனக்கா மறக்கும்?”
என்று சிரித்தார் ஒரெஸ்ட் ஒலினிக்,
வயது எண்பத்து நான்கு.

அலுவலகக் காரில் என் காலடியிலும் ஒரு பிரேக்.
குனிந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.
வெளியே மைனஸ் இருபத்தேழு.
சாலை எது கோதுமை வயல் எது என்று தெரியாத வெள்ளையில்
காற்று மட்டும் வரப்பு போட்டுக்கொண்டிருந்தது.

யார்க்டன் போகும் வழியில்
எதுவுமே இல்லாத ஓரிடத்தில் வண்டியை நிறுத்தினார்.
இடம் பார்த்தார். வலம் பார்த்தார்.
கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கிக்
காது கொடுத்தார்.
தண்டவாளத்தைப் பெயர்த்து இருபது வருஷம் ஆகிறது.
‘காரணமின்றி நிறுத்தல்’ என்றொரு கட்டம் உண்டு படிவத்தில்.
பேனா அதன்மேல் கொஞ்சம் நின்றது,
பிறகு நகர்ந்துவிட்டது.

ஊருக்குள் சீராகத்தான் ஓட்டினார்.
முதியோர் காப்பகத்துத் திருப்பம் வந்ததும்
நான் சொல்லாமலே இண்டிகேட்டர் போட்டு,
நினைவு வந்தவராய் அணைத்து,
“செவ்வாய், வியாழன், ஞாயிறு.
என் மனைவிக்கு நாள் கணக்கு போய்விட்டது,
எஞ்சின் சத்தம் போகவில்லை” என்றார்.

அப்புறம் அந்த மஞ்சள் பள்ளிப் பேருந்து.
பக்கவாட்டில் விரிந்திருந்த சிவப்புப் பலகை,
மினுக்கும் விளக்குகள்.
ஆளே தெரியாத ஓர் ஊதாப் பனிக்கோட்டு
படியிறங்கி வந்தது.

என் கால் போய்விட்டது.
கார் முனகி, சறுக்கி, குறுக்காக நின்றது.
கோட்டு சாலை கடந்தது,
நடுவில் நழுவிய பையைத்
திரும்பி வந்து எடுத்துக்கொண்டு.

“ரோட்டில் பனிக்கட்டி” என்றார்.

வீடு திரும்பும்போது கேட்டார்:
“உன் பிரேக்குக்கு இன்றைக்கு வேலை இருந்ததா?”
“ஒரு தடவை.”
“எங்கே?”

கேலி இல்லை அந்தக் குரலில், பயமும் இல்லை.
நான் எழுத வேண்டியது அந்தச் சறுக்கலை அல்ல,
அந்த ‘எங்கே’யை.
அதற்குத்தான் கட்டம் இல்லை.

முற்றத்தில் இறக்கிவிட்டேன்.
கையுறையைக் கழற்றிக் கைகுலுக்கினார்.
நேரே தன் நீலப் பிக்கப்பிடம் போய்
முகப்பில் நாக்காய்த் தொங்கிய ஒயரை இழுத்துக்
கம்பத்துப் பிளக்கில் செருகினார்.
ராத்திரி முழுக்க எஞ்சின் சூடாக இருந்தால்தான்
காலையில் கிளம்பும்.

நாளை வியாழன்.