நாற்பது பாகம்

"எவ்ளோ ஆழம்?" என்றார் கஜபதி.
"நாப்பது பாகம். களவா."

நரம்பின் நுனியை என் விரலில் சுற்றி
நடக்கச் சொன்னார்.
காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரி தாண்டி, டீக்கடை தாண்டி,
மீன் லாரி ஹாரனடிக்கும் முக்கு வரை
படுத்துக் கிடந்தது என் கடல்.

கடையிலிருந்து இழுத்தாராம்.
எனக்கு எட்டவில்லை.
ரப்பராய் நீண்ட நரம்பு
சேதியைத் தானே தின்றுவிட்டது.

அடுத்து, பின்னல் நூல்.
அவர் நகத்தால் சுண்டியது
என் எலும்பில் கேட்டது.

"இதான், இதான்!" கத்தினேன்.

மறுபடி வெடுக்கென்று ஒரு இழுப்பு.
திரும்பினால்
நூலில் கால் சிக்கி முறைக்கிறது
யார் வீட்டு ஆடோ.

"ரீல் மெதுவா சுத்தறதா எடு,
அப்பதான் பாரம் ஏறும்."
எடுத்தேன்.
ராடு,
சீட்டு விழுந்த பிறகு.