மடியில் கனம்

காசில்யாஷ் படகுத்துறையில்
சக்கர நாற்காலிப் படம் ஒட்டிய கதவைத்
திறந்து வெளியே வந்தேன்.
எதிரே, அசல் நாற்காலியில் ஒருவர்.
வெகுநேரம் காத்திருந்திருக்கிறார்.
என் கால்களைப் பார்த்தார்.
இரண்டும் இருந்தன.
புதுச் செருப்பு வேறு.

"நல்லாத்தானே இருக்கே?" என்று
அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் பதில் தயார்,
பதினாலு மாத ஒத்திகை:
ஐயா, தொப்புளுக்கு வலப்பக்கம்
சிவப்பாக ஒரு மொட்டு, என் குடலின் நுனி.
அதன்மேல் ஒரு பை.
என்னைக் கேட்டு அது நிரம்புவதில்லை.
கைக்கெட்டும் குழாயும்
கோட்டை மாட்ட ஒரு கொக்கியும்
அந்தக் கதவுக்குள் மட்டும்தான்.

மடியில் கனமில்லாதவருக்கு
வழியில் பயமில்லையாம்.
எனக்கு மடியில்தான் எல்லாமே.
லிஸ்பனில் எந்தக் கழிப்பறை பூட்டியிருக்கும்,
சாவி யாரிடம்,
எந்தக் காப்பிக்கடையில் முகம் சுளிப்பார்கள்
எல்லாம் மனப்பாடம்.

ஒன்றும் சொல்லாமல் கதவைப் பிடித்துக்கொண்டேன்.
"எனக்குத் திறக்கத் தெரியும்."
விட்டுவிட்டேன்.
கதவு அவர் முழங்காலில் இடித்தது.
இருவரும் ஒரே நேரத்தில் மன்னிப்புக் கேட்டோம்.
இருவருக்கும் கோபம் ஆறவில்லை.

படகு வந்தபோது ஆற்றில் வற்றம்.
இறங்குபாலம் சறுக்குமரம்போல் சாய்ந்து கிடந்தது.
ஊழியப் பையன் ஓடிவந்து
என்னிடம் கேட்டான்:
"இவர் எங்கே இறங்கணும்?"

படகு போவது ஒரே கரைக்கு.

"என்கிட்டே கேளு தம்பி" என்று
பயண அட்டையை
அவன் இடுப்புக்கு நேராக நீட்டினார்.
அவர் உலகத்தில் எல்லோரும்
இடுப்பிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அந்த உயரத்தில்தான் என் பையும்.
நேரம் பார்த்து
களக் களக்கென்றது.

"பசியா?"
"இல்லை. குடல். வெளியே இருக்கு."

அப்படி ஒருநாளும் சொன்னதில்லை நான்,
ஒத்திகை பார்த்ததில் ஒரு வரிகூட இல்லாமல்.

படகு நடு ஆற்றுக்கு வரும்வரை
அவர் பேசவில்லை. பிறகு:
"உள்ளே அந்தக் கொக்கி... ரொம்ப உயரம். எனக்கு எட்டாது."
"எனக்கு எட்டும்."
"மனு எழுதப்போறேன். கீழே ஒண்ணு, மேலே ஒண்ணு.
உன் பேரையும் போடட்டுமா?"

டெல்ஃபினா கொர்தெய்ரு.
எழுத்துக்கூட்டிச் சொன்னேன்.
அபீலியு, முழங்காலில் தாளை வைத்து,
மெதுவாக, ஒரு பிழையோடு எழுதினார்.

பை மறுபடி முனகியது.
நான் கையால் பொத்தவில்லை.