எதுக்கும் இருக்கட்டும்

ஏலத்தாளில் அதன் உடம்பு ஒரு கோட்டுப் படம்.
கீறலுக்கு ஓர் எழுத்து, நசுங்கலுக்கு ஓர் எழுத்து,
இடப்பக்கக் கதவடியில் சின்னதாய் இன்னொன்று:
துரு.
பனி உருக உப்புப் போடுகிற ஊரில்
நாலு மாரி ஓடியிருக்கிறது.
"உப்போ?" என்றார் புவிராஜசிங்கம்.
"வெள்ளவத்தைக் கடல்காத்துக்கு
பழகியே வரட்டும்."

பழைய சோனகத் தெருவில் அவருக்குக் குழாய்க்கடை.
புத்தளம் தாண்டி வண்டி ஓட்டியதில்லை.
வீட்டு ஒழுங்கையில் எதிரே ஓட்டோ வந்தால்
யாராவது ஒருவர் பின்வாங்க வேண்டும்.
அங்கே எதற்கு நாலு சில்லும் இழுக்கிற வண்டி
என்று நான் கேட்கவில்லை.
கேட்பது என் வேலையில்லை.
என் வேலை கையெழுத்துகள்,
வங்கியில் மூன்று, சுங்கத்தில் ஏழோ எட்டோ.

வயதெல்லைக்கு ஒன்பது நாள் மிச்சம் வைத்து
கப்பலேறியது.
நடுக்கடலில் நிற்கும்போது டொலர் ஏறியது.
வண்டியின் விலையைவிட
அதை உள்ளே விடக் கட்டியது கூட.
கடைச் சிட்டையின் பின்பக்கத்தில் கூட்டினார்,
திரும்பக் கூட்டினார்,
பேனாவை மூடினார்.
"சரி. எதுக்கும் இருக்கட்டும்."

யார்ட்டில் பதினொரு மணி வெயில்.
சட்டகத்தில் கொத்திய இலக்கத்தின் மேல்
தாளை ஒட்டிப் பென்சிலால் தேய்க்க வேண்டும்.
முழங்காலில் நின்று, சில்லுக்குப் பின்னால் கைவிட்டு,
தேய்க்கத் தேய்க்கக்
கறுப்புக்குள்ளிருந்து வெள்ளையாய் ஓர் ஏழு
மெல்ல எழும்பி வரும்.
பதினேழு வருஷமாய்ச் செய்கிறேன்.
இன்னும் அந்த இடத்தில் மூச்சைப் பிடிக்கிறேன்.
சுங்கத்து அபேகோன் தன் தாளோடு ஒத்துப் பார்த்தார்.
மூன்றா எட்டா என்று
அரை மணித்தியாலம்.

பின் ஆசனத்தில் நாய்மயிர்.
கதவுப் பைக்குள் ஒரு குழந்தையின் ஒற்றைக் கையுறை.
அதற்குத் தீர்வை கேட்கவில்லை.

சாவியைக் கொடுத்தேன். திருகினார்.
பெண்குரல் ஒன்று, மிக மரியாதையாக,
ஏதோ சொன்னது.
"வணக்கம் சொல்லுறாளோ?"

எனக்குத் தெரியும்.
அங்கிருந்து வருகிற முக்கால்வாசி வண்டியும்
கண் விழித்ததும் இதைத்தான் சொல்லும்.
"இல்லை ஐயா. அட்டை போடேல்லையாம்."
பெருந்தெருவில் காசு வெட்டுகிற அட்டை அது
என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள்
அவருடைய வலக்கை
சேட் பொக்கற்றுக்குப் போய்விட்டது.
தொட்டது. இருந்தது.
பிறகுதான் சிரித்தார்.
நானும் சிரித்தேன்.
என் கையும் கைப்பைச் சிப்பில் நின்றதை
அவர் கண்டாரோ, தெரியாது.

"தெரு இல்லாட்டியும் போகுமோ, தங்கச்சி?"
"போகும்."
"தண்ணிக்குள்ளாலை?"
"முழங்கால் அளவுக்கு."
"எத்தினை பேர் ஏறலாம்?"
"ஏழு. நெருக்கினால்…"
"நெருக்கினால் பதினொண்டு," என்றார்,
முன்னமே பெயர் பெயராய் எண்ணி வைத்தவர் போல.

அந்தக் குரலின் வயரைக் கழற்றிவிட
பஞ்சிகாவத்தையில் ஆள் இருக்கிறான்,
ரெண்டாயிரம் கேட்பான் என்றேன்.
"விடுங்கோ. கேட்டுப் பழகினதுதானே."

ஐந்து கிழமை கழித்து
பதிவுப் புத்தகம் கொண்டு போனேன்.
கழுவித் துடைத்து, மேலே பச்சைப் படங்கு போர்த்து,
கேற்றுக்கு உள்ளே நின்றது.
அந்த ஒடுக்கத்துக்குள் அதைப் பின்பக்கமாய் ஏற்ற
நாலைந்து தரம் வெட்டித் திருப்பியிருக்க வேண்டும்.
மதிலில் ஒரு புதுக் கீறல்.
முகம் தெருவைப் பார்த்தபடி இருந்தது.

ஓடிய தூரம் குறிக்கச் சாவியைத் திருகினேன்.
அவள் அட்டை கேட்டாள்.
துறைமுகத்திலிருந்து வீடு வந்த
பதின்மூன்று கிலோமீற்றர்தான் கூடியிருந்தது.
எண்ணெய் முள்
நிறைவுக் கோட்டில்
அசையாமல்.