வலப்பக்கம் சர்க்கரை

பிற்பகல் மூன்று நாற்பதுக்குத் தொலைபேசி அடிக்கிறது.
நியூயார்க்கில் சந்தை சாத்தியாகிவிட்டது.
சாவோ பாவ்லோவில் குளிரூட்டிய அறையிலிருந்து
ஒரு குரல், நலம் விசாரிக்காமல், எண் சொல்கிறது:
நாற்பத்தாறு.
நேற்றுவரை ஐம்பத்தேழு.

வால்திரேனி கையுறையை மாட்டிக்கொள்கிறாள்.
வருவது ஒரே குழாய்.
கொதிக்கக் கொதிக்க, சேற்று நிறத்தில், ஒரே சாறு.
வலப்பக்கம் திரும்பினால் சர்க்கரை.
இடப்பக்கம் திரும்பினால் எரிசாராயம்,
மனிதர்கள் குடிக்க அல்ல, கார்கள் குடிக்க.
சக்கரத்தை இடப்பக்கம் இரண்டேகால் சுற்று.
அவ்வளவுதான்.
கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு பிஸ்கட் கம்பெனி
இந்த இரண்டேகால் சுற்றுக்கு
அடுத்த மாதம் இருமும்.

இடமோ வலமோ
அவள் சம்பளம் நடுவில் நிற்கிறது.

கரும்பு தின்னக் கூலியா?
ஆமாம், இங்கே கூலிதான்.
ஆலை தின்னும், கொடுக்கும்,
ஆனால் கரும்புக்கு அல்ல.
எடைமேடையில் லாரி நின்றதும்
மேலிருந்து ஓர் இரும்புக்குழல் இறங்கி
சுமையின் வயிற்றில் குத்தி எடுக்கிறது.
டன்னுக்கு நூற்று முப்பத்தொரு கிலோ இனிப்பு
என்கிறது சீட்டு.
மிச்சம் எண்ணூற்றுச் சொச்சம் கிலோ
தண்ணீர், நார், அர்லிந்தோ ப்ரகாட்டோவின் வருடம்.

அர்லிந்தோவுக்கு முப்பத்தெட்டு ஹெக்டேர்.
மழை பெய்தால் எடை கூடும், இனிப்பு இறங்கும்.
பெய்யாவிட்டால் இனிப்பு ஏறும், எடை விழும்.
மேகம் கறுக்கும்போது
சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல்
தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்துக்கொள்கிறார்.

வால்திரேனியின் தம்பி ஜெனிவால்டோ
பைக்கில் பீட்சா கொண்டுபோகிறவன்.
எது ஊற்றினாலும் ஓடும் எஞ்சின்.
பங்க்கில் நின்று செல்பேசியில் வகுக்கிறான்:
ஆல்கஹால் விலை, கீழே பெட்ரோல் விலை.
பத்தில் ஏழுக்குள் வந்தால் ஆல்கஹால்.
இன்று பூஜ்யம் புள்ளி ஏழு இரண்டு.
அக்கா திருப்பிய சாறு
இருநூற்றுப் பத்துக் கிலோமீட்டர் போய்
வரி கட்டி, கிடங்கில் படுத்து, கை மாறி,
ஆலைப் புகை தெரிகிற இதே பங்க்குக்கு
இருநூற்றுப் பத்துக் கிலோமீட்டர் திரும்பி வந்திருக்கிறது.
அதற்குள் விலை ஏறிவிட்டது.

"பெட்ரோல் போடு" என்கிறான்.
அந்தப் பெட்ரோலிலும்
கால்பங்குக்கு மேல் அதே சாராயம்.
தப்பித்தேன் என்று நினைத்து
உதைத்துக் கிளப்புகிறான்.

விலைப்பலகையில் ஏறாத ஒன்று இருக்கிறது.
ஒரு லிட்டர் சாராயம் வடிந்தால்
பன்னிரண்டு லிட்டர் கழிவுநீர்,
பழுப்பாக, சூடாக, அழுகின நாற்றத்தோடு.
அதைப் பீய்ச்சுகிற வயல்
வால்திரேனியின் கொல்லைக் கம்பிவேலியை ஒட்டி.
எண் நாற்பத்தாறு என்றால்
துணியை வீட்டுக்குள் உலர்த்த வேண்டும்.
ஐம்பத்தேழு என்றால் வெளியே கட்டலாம்.
உலகச் சந்தையை அவள் படிப்பது
இப்படித்தான், கொடிக்கயிற்றில்.

மண்ணுக்கு அது நல்லதாம், பொட்டாஷ் இருக்கிறதாம்.
இருக்கட்டும்.
தலையணை உறைக்கு எதற்குப் பொட்டாஷ்?

வெள்ளிக்கிழமை ரொட்டிக்கடை வரிசையில்
அர்லிந்தோ தணிந்த குரலில் கேட்டார்:
"இன்றைக்கு எந்தப் பக்கம்?"
"இடம்."
"எனக்கு எது நல்லது?"
அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.
சர்க்கரைக்கும் சாராயத்துக்கும் சராசரி போட்டுத்தான்
அவர் கிலோவுக்கு விலை,
அந்தச் சராசரியும் பருவம் முடிந்த பிறகு.
"மார்ச்சில் சொல்கிறேன்" என்றாள்.
இருவரும் சிரித்தார்கள்.
கடைக்காரன் சர்க்கரைப் பொட்டலத்தில்
பழைய விலையின் மேல்
புதிய விலையை ஒட்டிக்கொண்டிருந்தான்.

ஞாயிறு.
சந்தைக்கு விடுமுறை, எண் வராது.
கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து
மூன்று கரண்டி போட்ட காப்பியைக் குடிக்கிறாள்.
பழக்கத்தில் மூன்று நாற்பதுக்கு
கை தானாகக் கையுறைக்குப் போகிறது.

குழாய் அதிர்கிறது.
சாறு வந்துகொண்டிருக்கிறது.