புள்ளடி

இரவு பதினொன்றே முக்காலுக்கு
தபால் வாக்கு முடிவு வந்தபோது
ஐஸ் தொழிற்சாலையில்
மூன்று மந்திரிகளைப் பதவி நீக்கியிருந்தான் தவக்குமார்.

நான்காவது ஆளிடம் வந்து கொஞ்சம் யோசித்தான்.
"பாவம், பிள்ளைகுட்டிக்காரன்.
ஆனா எங்கட பக்கம் ஒருநாள் எட்டிப் பாத்தவனே?"
கொக்கியைப் பாளத்தில் குத்தி இழுத்தான்.
அவரும் போனார்.

அமோனியா நெடிக்குள்
கைபேசியை உப்புச் சாக்கின்மேல் சாய்த்து வைத்து
நாலு பேர் நாட்டை ஆண்டோம்.
திருக்கடலூர் வள்ளங்கள் வர விடியப்புறமாகும்.
அதுவரை நேரமிருந்தது,
மீன்பிடியைக் கிண்ணியா நளீமுக்குக் கொடுக்க,
நிதியை,
வட்டிக்கு வாங்கியே அனுபவப்பட்ட
அன்ரன் அண்ணைக்குக் கொடுக்க.
எனக்கு நீர்வழங்கல்.
பாலையூற்றில் எங்கள் ஒழுங்கைக்குப் பைப் வராத கதை
எல்லோருக்கும் தெரியும்.

யாருக்கு எத்தனை ஆசனமென்று
சுவரில் கரியால் எழுதினான் தவக்குமார்.
இடது சின்னவிரலில் மை
ஊதா தாண்டிக் கறுத்திருந்தது.
மூன்று மாத ஓவர்டைம் அவனுக்கு வரவேண்டும்.
கேட்கப் போனால் மனேஜரின் கதவுக்கு வெளியே
செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பான்,
யாரும் கழற்றச் சொன்னதில்லை.
அந்த மனிதன்தான் இப்போது
"நான் போட்ட அடி" என்கிறான்.
அடி என்று அவன் சொல்வது
கடதாசியில் இரண்டு கோடு.
ஒரு குருவி மணலில் நின்றுவிட்டுப் போனால்
அவ்வளவு விழும்.

மேடையில் அவர்கள் "நாம்" என்பார்கள்.
சந்தையில், சாவீட்டில், படுக்கையில்
எங்கள் ஊரில் யாரும் நாம் என்று பேசுவதில்லை.
கடன் கேட்டாலும் நாங்கள், சண்டையென்றாலும் நாங்கள்.
அந்தச் சொல்லை ஐந்து வருடத்துக்கு ஒருக்கா
பெட்டியிலிருந்து எடுத்து
எங்களுக்கும் உடுத்திப் பார்க்கத் தருவார்கள்.
சும்மா சொல்லக்கூடாது,
அளவாகத்தான் இருக்கும்.

இரண்டரைக்கு எங்கள் ஆள் வென்றார்.
தவக்குமார் கத்திய கத்தில்
கூரையிலிருந்த புறாக்கள் எழும்பின.
அன்ரன் அண்ணை ஐஸ் துருவலை அள்ளி
எல்லோர் தலையிலும் கொட்டினார்.
"நாம் வென்றிட்டம்" என்றேன்.
நாம். என் வாயால்தான்.
நாக்குக் கூசவில்லை.

நளீமின் ஆள் தோற்றிருந்தார்.
அவன் லொறிக்குக் கீழே குனிந்து
டயரை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.
மீன்பிடியை அவனிடமிருந்து
யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

வள்ளங்கள் வந்தன. பாளம் உடைத்தோம்.
ஆறரைக்கு மனேஜரின் கார் ஹோர்ன்.
கேற்றைத் திறக்க ஓடியவன் தவக்குமார்.
கரியில் எழுதிய அரசாங்கத்தை
ஈரச் சாக்கால் துடைத்துவிட்டுத்தான் ஓடினான்.

வேலை முடிந்து
உட்துறைமுக வீதியால் நடந்தோம்.
கச்சேரிப் பக்கமிருந்து
வென்றவரின் வாகனங்கள் வந்தன,
ஏழோ எட்டோ, எல்லாம் கறுப்புக் கண்ணாடி.
தவக்குமார் மைவிரலை உயர்த்தினான்.
கண்ணாடி இறங்கவில்லை.
"கண்டிட்டார்" என்றான்.
"உள்ளுக்கிருந்து தலையாட்டினவர், நீ பாக்கேல்லையே?"
பார்த்தேன் என்றேன்.
இராவெல்லாம் மந்திரியாக இருந்தவன் நான்,
ஒருவனுக்கு ஒரு தலையாட்டலை ஒதுக்க
எனக்கு அதிகாரமில்லையா?

கோட்டை மான் ஒன்று
மதிலோடு ஒட்டி நின்று
எங்கள் ஆளின் சுவரொட்டியைத் தின்றுகொண்டிருந்தது.
பசையின் ருசி.
நாடியில் தொடங்கி வாய்வரை வந்துவிட்டது.
சூ, சூ என்று விரட்டினான். அது போகவில்லை.
"திண்டிட்டுப் போகட்டும்,
இலக்கம் தெரியுதுதானே."

பாலையூற்றில் பவுசர் வந்திருந்தது.
இரண்டு கலனோடு வரிசையில் நின்றேன்.
முன்னால் நின்ற பெண்
சின்னவிரலை எச்சில் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
என்னுடையதை நான் தேய்க்கவில்லை.
இன்னும் இரண்டு நாள்
இருக்கட்டும்.